சிவப்பில் உள்ளவர்கள்

நான்தான் அனுப்பினேன். மறுக்கவில்லை.
புரட்டாசி மூன்றாம் சனி,
அரிச்சந்திரா நதியில் முறை வைத்த வாரம்.
பதினோரு ஊருக்கும் ஒரே மின்னஞ்சல்:
தலைப்பு பச்சை, ஓரத்தில் நெற்கதிர்,
நடுவில் கட்டம் கட்டமாய் அட்டவணை,
அடியில் என் பெயர் சாய்வெழுத்தில்,
கூட்டுறவு வங்கிச் செயலாளர் (ஓய்வு) என்று
பெயருக்கு அடியில் இன்னொரு வரி.
முப்பது வருடம்
கார்பன் தாளின் மூன்றாம் நகலாய் வாழ்ந்தவனுக்கு
நிறம் கிடைத்தால் என்ன செய்வான்?

கடைசி வரி இது:
"சிவப்பில் உள்ள ஊர்கள்
இன்றிரவு மடையை அடைக்கவும்."

நான்கு ஊர். எல்லாம் மேல்மடை.
என் திரையில் குங்குமமாய் இருந்தார்கள்.

ஓடக்கரை சந்தனசாமிக்குக் கண் மங்கி நாலு வருடம்.
அவர் போன் அவருக்கு வாசித்துச் சொல்லும்.
வாசித்தது, ஒரே சுருதியில்,
ஊர்ப்பெயர், ஊர்ப்பெயர், ஊர்ப்பெயர்.
குரலில் ஏது சிவப்பு?

ஜெகபர் அலியின் பழைய போனுக்கு
எழுத்து மட்டும்தான் செரிக்கும்.
அட்டவணை அங்கே
பாவு அறுந்த கோரைப்பாய்.
நெற்கதிர் நின்ற இடத்தில் ஒரு காலிப் பெட்டி.

எட்டரைக்கு எல்லோருக்குமாய்க் கேட்டிருக்கிறார் பக்கிரிசாமி:
"சிவப்பு என்றால் கட்சிக்காரர்களா?
நான் தொண்ணூற்றெட்டிலேயே விலகிவிட்டேன்.
அடைக்கணுமா, வேண்டாமா?"
அதற்கு ஒருவர்:
"தோழர், நீங்கள் விலகியதே எங்களுக்குத் தெரியாதே."
அதற்கு மேலும் பதினான்கு பதில்.
ஒவ்வொன்றும் முந்தினதை முழுசாய்ச் சுமந்து,
வரிக்கு முன்னால் ஓர் அம்புக்குறி, இரண்டு, மூன்று,
வரப்புக்குள் வரப்பாய் ஒதுங்கி ஒதுங்கி
பேச வந்த விஷயம் ஒரு சாண் அகலத்தில் நின்றது.
நான் அப்போது தூங்கிக்கொண்டிருந்தேன்.

சந்தேகம் வந்தவன் தன் மடையைத் திறந்தே வைப்பான்.
யாரும் அடைக்கவில்லை.

விடியலில் கடைமடை, பனையடிக்குத்தகை.
நாற்பது வேலி நேரடி விதைப்பு,
முளைவிட்டு மூன்று நாள்.
வாய்க்காலில் நத்தை ஓடு. ஒற்றைச் செருப்பு.
தையல்நாயகி எழுதியிருந்தாள்,
வணக்கம்கூட இல்லாமல்:

தண்ணி வரல

இரண்டே சொல்.
எந்தப் போனிலும் உடையாமல் போய்ச் சேர்ந்தது.
சந்தனசாமியின் போன் அதை வாசித்ததும்
சட்டையைத் தேடாமல் எழுந்தாராம்,
தடவித் தடவியே போய்
பலகையை இறக்கினாராம்.

பொய் சொல்லாதவன் பெயர் இந்த ஆற்றுக்கு.
நானும் பொய் சொல்லவில்லை.
உண்மையை நிறத்தில் சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது இப்படி எழுதுகிறேன்:
மேலவெளி அடைக்கவும்.
ஓடக்கரை அடைக்கவும்.
மாலை ஆறு முதல் காலை ஆறு வரை.
பனையடிக்குத்தகை திறந்து வைக்கவும்.
குஞ்சிதபாதம்.

வங்கியை எடுத்துவிட்டேன். கொஞ்சம் வலித்தது.
ஜெகபர் அலி கடைத்தெருவில் பார்த்துச் சொன்னார்,
"இப்பதான் அண்ணே நீங்க பேசுற மாதிரி இருக்கு."
அதற்கு முன்னால் யார் பேசினார்கள் என்று
நான் கேட்கவில்லை.

அடுத்த முறையில், இரவு இரண்டு மணி, ஒரு சொல்:

வந்துருச்சு

தையல்நாயகிதான்.
என் விரல் தானாகப் போய் அதைத் தடிமனாக்கியது.
பெரிதாக்கியது. பச்சை பூசியது.
ஓரத்தில் அந்த நெற்கதிரையும் நட்டது.

யாருக்கும் அனுப்பவில்லை.
வரைவில் கிடக்கிறது.
தூக்கம் வராத ராத்திரிகளில்
திறந்து பார்த்துக்கொள்வேன்.